மலர் அடிப்பதற்கு முன் அலுமாரியைத் திறவுங்கள்: கண்டிக் கோயில்களுக்கு ஒரு திறந்த மடல்

கண்டி மறைமாவட்ட ஆயர் அவர்களுக்கும், கண்டி நகரிலும் சுற்றியுள்ள தோட்டப் பகுதிகளிலும் பணிசெய்யும் பங்குத்தந்தையர்களுக்கும், அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்டிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன் சபைகளின் போதகர்களுக்கும், எல்லாப் பங்குப் பேரவை, சபைக் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

கொழும்போடு சேர்ந்திருந்த கண்டி 1883 ஏப்ரலில் தனி மறை ஆட்சிப் பகுதியாகப் பிரிக்கப்பட்டது. 1886-ல் அது மறைமாவட்டமானது. முதலாவதை வைத்துக் கணக்குப் பார்த்தால் 2033-ல் 150 வருடம், இரண்டாவதை வைத்துப் பார்த்தால் 2036-ல். எப்படியும் யூபிலி வரும். யூபிலி வந்தால் நினைவு மலரும் அடிப்பார்கள்.

அந்த மலர் எப்படி இருக்கும் என்று இப்போதே சொல்லிவிடலாம். முதலில் வாழ்த்துச் செய்திகள். பிறகு ஆயர்களின் படங்கள் வரிசையாக: கிளெமென்ட் பஞ்ஞானி, பீட் பீக்மெயர், பெர்னார்டோ ரெஞ்ஞோ, லியோ நாணயக்கார, போல் பெரேரா, வியான்னி பெர்னாண்டோ, இப்போதைய ஆயர். அப்புறம் ஒவ்வொரு பங்கிலும் இருந்த சுவாமிமாரின் பெயர்களும் வருடங்களும். யார் காலத்தில் மணிக்கூண்டு எழும்பியது, யார் காலத்தில் கூரைக்கு ஓடு போட்டது, யார் காலத்தில் கெபி கட்டியது என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. கடைசிப் பக்கங்களில் விளம்பரங்கள்: நகைக்கடை, ஹார்ட்வெயார் கடை, கட்டாயம் ஒரு மலர்ச்சாலை.

இந்தப் பட்டியலில் எனக்குக் குறை எதுவும் இல்லை. அதில் இருக்கிறவர்கள் உழைத்தவர்கள். ஆனால் கண்டிப் பங்குகளின் தமிழ்ச் சனங்களுடைய சரித்திரம் அந்தப் பட்டியலுக்குள் இல்லை. அது பங்கு வீட்டு அலுமாரியில், ஞானஸ்நானப் புத்தகத்திலும் கலியாணப் புத்தகத்திலும் மரணப் புத்தகத்திலும் இருக்கிறது. மலர் அடிப்பதற்கு முன் அந்தப் புத்தகங்களைக் காப்பாற்றுங்கள், எங்களை வாசிக்க விடுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்று சொல்ல மட்டும் கொஞ்சம் இடம் வேண்டும்.

கண்டித் திருச்சபையின் முதற்பெயர் யோசேவ் வாஸ் அடிகளார். 1651-ல் கோவாவில் பிறந்தவர். ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687-ல், கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து தமிழ் படித்தவர். 1692-ல் கண்டிக்கு வந்ததும் போர்த்துக்கீச ஒற்றன் என்ற சந்தேகத்தில் பிடித்து அடைக்கப்பட்டார். சில வருடங்களில் அதே இரண்டாம் விமலதர்மசூரிய மன்னரின் நம்பிக்கையைப் பெற்றார். 1697-ல் நகரத்தில் பெரியம்மை பரவி, சொந்தக்காரர்களே நோயாளிகளை விட்டுவிட்டு ஓடியபோது, அவரும் அவரோடு இருந்த கர்வாலோ அடிகளும் வீடு வீடாகப் போய்ப் பார்த்தார்கள். 1711 ஜனவரி 16-ல் கண்டியிலேயே இறந்தார். 2015 ஜனவரி 14-ல் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் இருந்தும் பஸ் பஸ்ஸாகச் சனம் போனது.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. அவரை அடக்கம் செய்த கோயில் இன்று இல்லை. கல்லறை இருந்த இடமும் தெரியாது. அப்படியானால் அவருடைய வாழ்க்கை நமக்கு எப்படித் தெரிந்தது? அவரும் அவருடைய சபையைச் சேர்ந்த குருக்களும் கோவாவுக்கு எழுதிய கடிதங்கள் தப்பிப் பிழைத்தன. எத்தனை பேருக்கு ஞானஸ்நானம், எந்த ஊரில் எத்தனை குடும்பம், யார் அடைத்து வைக்கப்பட்டார், யார் அடைக்கலம் கொடுத்தார் என்று சலிக்காமல் எழுதி அனுப்பினார்கள். அந்தக் கடதாசிகள் இல்லாவிட்டால் கண்டிக்கு ஒரு புனிதர் கிடைத்திருக்கவே மாட்டார். ஆகவே கடதாசியின் அருமையைக் கண்டித் திருச்சபைக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை என்றுதான் நினைக்கிறேன்.

1740களில் அரசாணையால் குருக்கள் கண்டி ராச்சியத்தை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். வாகக்கோட்டை போன்ற ஊர்களில் கத்தோலிக்கக் குடும்பங்கள் சுவாமியார் இல்லாமலே தலைமுறைகளைக் கடத்தின. யார் ஜெபம் சொல்லிக் கொடுத்தார்கள், யார் சுரூபத்தை ஒளித்து வைத்தார்கள் என்பதற்கு எழுத்து எதுவும் இல்லை. குருக்களின் பட்டியலை மட்டும் வைத்துச் சரித்திரம் எழுதினால் அந்தக் காலம் முழுக்க வெறும் கோடாகத்தான் இருக்கும்.

பிறகு 1815. ராச்சியம் போய் வெள்ளைக்காரன் வந்தான். நகரத்தில் இன்று கண்ணில் படுகிற கோயில்களில் பெரும்பாலானவை அதற்குப் பிந்தியவை. தலதா மாளிகைக்குப் பக்கத்தில் செங்கல்லால் எழும்பி நிற்கும் புனித பவுல் ஆலயம் 1840களில் கட்டப்பட்டு 1853-ல் அபிஷேகம் செய்யப்பட்டது. அது வரும்வரை அங்கிலிக்கன் ஆராதனை நடந்த இடம், அரசர்கள் சபை கூட்டிய மகுல் மடுவ. ஸ்கொத்லாந்துத் தோட்டக்காரர்கள் தங்களுக்கென்று ஒரு சபையை அதே 1840களில் தொடங்கினார்கள். சில்வெஸ்திரின் பெனடிக்ட் சபைத் துறவிகள் 1845-ல் இலங்கைக்கு வந்தார்கள். கண்டி பின்னாளில் அவர்கள் பொறுப்பாயிற்று. அம்பிட்டிய மலையில் 1893-ல் பாப்பரசர் 13-ஆம் லியோவின் விருப்பப்படி குருமடம் ஒன்று தொடங்கியது. இந்தியா, பர்மா, இலங்கை மூன்றுக்கும் பொதுவாக இருந்து, 1955-ல் அது பூனாவுக்குப் போனது. தென்னிந்தியாவில் குருக்களாக இருந்த எத்தனையோ பேர் தத்துவமும் இறையியலும் படித்தது நம்முடைய அம்பிட்டியவில்தான். தமிழ்நாட்டில் வயதான பாதர் ஒருவரிடம் கண்டி என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள்.

திரித்துவக் கல்லூரிச் சிற்றாலயத்தை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கலாம். உப அதிபராக இருந்த காஸ்டர் பாதிரியார் வரைந்த திட்டம். 1923-ல் அத்திபாரம், 1935-ல் அபிஷேகம். சுவர் எழுப்பி அடைக்காமல், மகுல் மடுவவைப் போலச் செதுக்கிய கல்தூண்கள், திறந்த பக்கங்கள், உள்ளே டேவிட் பெயிண்டரின் சுவரோவியங்கள். இங்கிலாந்தில் இருந்து வந்த ஒரு பாதிரியார் கண்டிச் சிற்பிகளின் கைக்கு வேலை கொடுத்து எழுப்பிய கோயில் அது. இந்தச் சிற்றாலயத்தைப் பற்றி எழுத ஆவணத்துக்குப் பஞ்சமில்லை. கல்லூரி எல்லாவற்றையும் வைத்துக் காப்பாற்றியிருக்கிறது. வசதியுள்ள நிறுவனம், செய்ய முடிகிறது. சரி.

வெள்ளைக்காரர் இறந்தாலும் பதிவு இருந்தது. தலதா மாளிகைக்குப் பின்னால், மியூசியத்துக்கு மேலே, பட்டாளத்துக் கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. கண்டியில் வெள்ளைக்கார அரசாங்கத்தின் பிரதிநிதியாக இருந்த ஜோன் டொயிலி அங்கேதான் இருக்கிறார். 1856-ல் யானை கொன்ற ராபர்ட்சன் என்பவர் இருக்கிறார். காய்ச்சலிலும் கொலராவிலும் போன சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். கல்லைப் படித்தாலே எந்த நோய் எப்போது வந்தது என்று தெரிந்துகொள்ளலாம். மஹியாவ மயானத்தில், இலங்கையில் தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிவைத்த ஜேம்ஸ் டெய்லரின் கல் நிற்கிறது. 1892-ல் அவர் இறந்தபோது லூல்கந்துர தோட்டத்தில் இருந்து கண்டிவரை அவரைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் நம்முடைய ஆட்கள். முறை மாற்றி முறை மாற்றித் தூக்கினார்கள். 'சாமித்துரை' என்று அழுதுகொண்டு பின்னால் நடந்தார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். தூக்கிக்கொண்டு வந்தவர்களின் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை.

அவர்களுக்குக் கல் கிடையாது. தலைமன்னாரில் இறங்கி மாத்தளை வரைக்கும் காட்டு வழியில் நடந்த கோப்பிக் காலத்து ஆட்கள் வழியிலேயே விழுந்து போனார்கள். 2023-ல், மலையகத் தமிழர் வந்து இருநூறு வருடம் என்பதை நினைத்து, மலையகம் 200 என்று அந்தப் பாதையிலேயே ஒரு நடைபவனி போனதும், கோயில்காரர்கள் பலர் அதில் சேர்ந்து நடந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். தோட்டத்தில் இறந்தவர்களைத் தேயிலை மலைக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். மேலே ஒரு குச்சி, ஒரு செவ்வந்திச் செடி. இரண்டு மழைக்காலம் போனால் இடம் தெரியாது. அப்படியானவர்களில் வேதக்காரர்களாக, அதாவது கிறிஸ்தவர்களாக, இருந்தவர்களுக்கு ஒரே ஒரு இடத்தில் பெயர் இருக்கிறது. பங்குப் புத்தகத்தில்.

அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைக் காட்டுகிறேன். பங்கின் பெயர் வேண்டாம். ஒரு முழம் நீளமான புத்தகம், முதுகுத் தோல் உரிந்திருக்கும். மேலே லத்தீன் தலைப்புகள். எண், பிறந்த நாள், ஞானஸ்நானம் பெற்ற நாள், பிள்ளையின் பெயர், தகப்பன், தாய், ஞானத்தகப்பன், ஞானத்தாய், குருவின் கையெழுத்து. பெயருக்குப் பக்கத்தில் தோட்டத்தின் பெயர், சில இடங்களில் தோட்டத்தின் உட்பிரிவான டிவிஷனும். மை பழுப்பாகிவிட்டது. அழுத்தி எழுதிய இடங்களில் கடதாசியைத் தின்றுவிட்டது. இத்தாலியச் சுவாமியார் காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார். கறுப்பையா என்ற ஒரே தகப்பன் மூன்று பிள்ளைகளுக்கு மூன்று விதமான எழுத்தில் வருகிறார். சவரியம்மாள் சவேரியா ஆகிறாள். மூன்று கறுப்பையாவும் ஒரே ஆள்தான் என்று ரோமையில் இருந்து வரும் ஆராய்ச்சியாளருக்குத் தெரியாது. தாயின் பெயரையும் ஞானத்தாயின் பெயரையும் தோட்டத்தையும் பார்த்த உடனே எங்களுக்குத் தெரியும்.

அதே பக்கத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு ஞானத்தகப்பன் ஒரே ஆள். அவர்தான் அந்தப் பகுதியின் உபதேசியார்.

உபதேசியாரைப் பற்றி இங்கே நின்று சொல்ல வேண்டும். என் தாத்தா அந்த வேலை செய்தவர் என்பதால் எனக்கு ஒரு பக்கச் சாய்வு உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். கண்டியில் இருந்து சுவாமியார் மாதத்துக்கு ஒருமுறை தோட்டத்துக்கு வந்தால் பெரிய காரியம். மழைக்காலத்தில் அதுவும் இல்லை. மீதி நாளெல்லாம் கோயில் என்றால் உபதேசியார்தான். பழைய கறுப்புக் கோட்டு, குடை, துணியில் சுற்றிய ஜெபப் புத்தகம். காலையில் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு, முடிந்து ஆட்கள் மலைக்குப் போன பிறகு பிள்ளைகளுக்கு மந்திரம் படிப்பிப்பார், அந்தி சாய்ந்தால் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களுக்கு ஒவ்வொன்றாகப் போய் ஜெபமாலை சொல்லுவார். பிறந்த பிள்ளை தாங்காது என்று தெரிந்தால் ராத்திரியிலும் கூப்பிடுவார்கள். லயத்துக் காம்பராவில் விளக்கைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, ஒரு கோப்பைத் தண்ணீரில் ஞானஸ்நானம் கொடுப்பார். பெயரையும் நாளையும் தாய் தகப்பன் பெயரையும் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கோட்டுப் பையில் வைத்துக்கொள்வார். சுவாமியார் வந்ததும் அந்தத் துண்டுகளைக் கொடுப்பார். சுவாமியார் அதைப் பார்த்துப் பெரிய புத்தகத்தில் ஏற்றுவார். கையெழுத்து சுவாமியாருடையது. தகவல் உபதேசியாருடையது.

அங்கிலிக்கன் பக்கத்திலும் இதே கதைதான். 1850களில் தோட்டங்களுக்கென்று சர்ச் மிஷன் சங்கத்தின் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியபோது திருநெல்வேலியில் இருந்து உபதேசியார்களை வரவழைத்தார்கள். வந்தவர்கள் கண்டியைச் சுற்றிய கோப்பித் தோட்டங்களில் நடந்தே ஊழியம் செய்தார்கள். மிஷனரிமார்களில் அபூர்வமானவர்கள் இருந்தார்கள் என்பதை மறுக்கவில்லை. வில்லியம் ஓக்லி 1835-ல் வந்தவர், 1886-ல் இங்கேயே கண்மூடும் வரைக்கும் ஒருமுறைகூட இங்கிலாந்துக்குத் திரும்பிப் போகவில்லை. அவரைப் பற்றி எழுதியவர்கள் இருக்கிறார்கள். அதே மலைகளில் அதே காய்ச்சலோடு நடந்த தமிழ் உபதேசியார்களைப் பற்றி யார் எழுதினார்கள்? அறிக்கைகளில் 'சுதேச உதவியாளர்கள்' என்று ஒரே வரியில் முடிந்துபோவார்கள். ஆனால் புத்தகத்தில், ஞானத்தகப்பனாகவும் கலியாணச் சாட்சியாகவும், ஆள் ஆளாக இருக்கிறார்கள்.

இன்னொன்றையும் பாருங்கள், ஓரத்துக் குறிப்புகளை. ஞானஸ்நானம் பெற்ற ஒருவர் வேறு பங்கில் கலியாணம் முடித்தால், அந்தப் பங்கில் இருந்து தகவல் வந்து, ஞானஸ்நானப் புத்தகத்தில் அவருடைய பெயருக்குப் பக்கத்தில் எழுதப்பட வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். சாதாரண அலுவலக வேலை. ஆனால் மலையகத்தில் அதனால் என்ன நடந்திருக்கிறது தெரியுமா? 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா எடுக்கும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும், மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று நம்மைத் தலைக்கணக்கில் பிரித்தார்கள். ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வாங்கிய ரயிலில் ஏறித் தலைமன்னார் போய்க் கப்பலேறினவர்களின் பிள்ளைகள் அங்கே போய்க் கலியாணம் செய்தார்கள். அந்தத் தகவல் கண்டிப் பக்கத்துப் பங்குக்குத் திரும்பி வந்தது. நான் பார்த்த புத்தகத்தில் ஒரு பெயரின் ஓரத்தில் கூடலூர் என்றும் இன்னொன்றின் ஓரத்தில் கோத்தகிரி என்றும் இருக்கிறது. இங்கே பிறந்து, அங்கே நீலகிரித் தேயிலையில் மறுபடியும் கொழுந்தெடுக்கப் போன பிள்ளை. இரண்டு அரசாங்கங்களிடமும் எண்ணிக்கை இருக்கிறது. எந்தத் தோட்டத்து எந்தப் பிள்ளை எந்த ஊருக்குப் போய் யாரை முடித்தாள் என்பது அந்த ஓரத்தில் இருக்கிறது.

1948-ம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களானோம். 1949-ம் ஆண்டுச் சட்டம், இத்தனை வருடம் தொடர்ந்து இங்கே இருந்ததைக் காட்டு என்றது. என்னத்தைக் காட்டுவது? பலருக்குப் பிறப்பத்தாட்சிப் பத்திரமே இல்லை. இன்றைக்கும் பிறப்பைப் பிந்திப் பதியப் போனால், அடையாள அட்டைக்கு வயதை நிரூபிக்கப் போனால், ஞானஸ்நானப் பத்திரம் இருக்கிறதா என்று கேட்பார்கள். 1977-லும் 1983-லும் இனக்கலவரத்தில் வீடு எரிந்தவர்களுக்கு வீட்டிலிருந்த கடதாசி எல்லாம் போனது. 2014-ல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயம் மூடியபோது ஆட்களோடு சேர்ந்து பெட்டியில் வைத்திருந்த பத்திரமும் மண்ணுக்குள் போனது. அப்படிப்பட்ட நேரத்தில் போய்க் கேட்கக்கூடிய வேறு அலுமாரி நமக்கு எது?

அந்த அலுமாரியின் நிலைமையைச் சொல்லாமல் இருக்க முடியாது. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. சில பங்குகளில் இரும்பு அலுமாரி, பூட்டு, கற்பூர உருண்டை எல்லாம் வைத்து நன்றாகப் பார்க்கிறார்கள், அவர்களுக்கு நன்றி. ஒரு இடத்தில், பெயர் சொல்ல மாட்டேன், பழைய புத்தகங்களைச் சணல் கயிற்றால் கட்டி அலுமாரிக்கு மேலே போட்டிருந்தார்கள். அதற்கு நேர் மேலே கூரையில் ஒழுக்கு. கண்டி ஈரத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஐப்பசி கார்த்திகையில் சப்பாத்தே பூஞ்சணம் பிடிக்கும். கறையான் ஒரு பக்கம், கடதாசிப் பூச்சி ஒரு பக்கம். அக்கறையுள்ள யாரோ கிழிந்த தாள்களை செலோடேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். நல்ல மனதோடுதான் செய்திருப்பார்கள். ஆனால் அந்தப் பசை மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வருகிறது. தயவுசெய்து யாரும் செலோடேப் போட வேண்டாம். இந்த மடலில் வேறு எதையும் ஏற்காவிட்டாலும் இதையாவது ஏற்றுக்கொள்ளுங்கள்.

கத்தோலிக்கப் பங்குகளுக்கு நான் புதிதாக ஒன்றும் கேட்கவில்லை. பதிவேடு வைப்பது 1563-ல் திரிதெந்து சங்கம் போட்ட கட்டளை. இன்றைய திருச்சபைச் சட்டத்தின் 535-ம் இலக்கம் பழைய பங்குப் புத்தகங்களைக் கவனமாகக் காக்கச் சொல்கிறது. 491-ம் இலக்கம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. பங்குகளில் உள்ள ஆவணங்களுக்குப் பட்டியல் தயாரித்து இரண்டு பிரதி எடுக்க வேண்டும், ஒன்று அந்தந்தக் கோயிலிலும் மற்றது மறைமாவட்டக் காப்பகத்திலும் இருக்க வேண்டும், இதை ஆயர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று இருக்கிறது. ஆயர் அவர்களே, அந்தப் பட்டியல் இருந்தால் வெளியிடுங்கள். இல்லாவிட்டால் யூபிலி வேலையில் முதல் வேலையாக அதை வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பங்கில் எந்த வருடத்தில் இருந்து எந்தப் புத்தகம் இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்பது ஒரு பங்குக்கு ஒரு தாளில் முடிகிற வேலை.

அடுத்து, படம் எடுப்பது. இதற்கு வெளிநாட்டுக் காசு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஜன்னலோரத்தில் ஒரு மேசை, வெள்ளைத் துணி, போனைப் பிடிக்க ஒரு தாங்கி. பிளாஷ் போடக் கூடாது, புத்தகத்தை முழுக்க விரித்து முதுகை ஒடிக்கக் கூடாது, பக்கம் பக்கமாக விடாமல் எடுக்க வேண்டும். இளைஞர் மன்றப் பிள்ளைகள் இரண்டு சனிக்கிழமையில் ஒரு புத்தகத்தை முடித்துவிடுவார்கள். போன் எங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். படங்கள் பங்கில் ஒரு பிரதி, ஆயர் இல்லத்தில் ஒரு பிரதி. ஒரே இடத்தில் வைத்தால் ஒரே மழையில் போய்விடும்.

கஷ்டமான வேலை அதற்குப் பிறகுதான் வரும், பெயர்களைத் தமிழில் அட்டவணைப்படுத்துவது. அந்த மூன்று கறுப்பையாவை ஒன்று சேர்க்கிற வேலை. அதற்குத் தோட்டத்துப் பழைய பெயர்கள் தெரிந்த ஆட்கள் வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு பெயர், ஆட்கள் வாயில் வேறு பெயர் என்று தோட்டங்கள் இருப்பது தெரியுமே, மூடிப்போன டிவிஷன்களும் உண்டு. அந்த ஆட்கள் இன்று எழுபது எண்பது வயதில் இருக்கிறார்கள். 2033 வரைக்கும் அவர்கள் எல்லாரும் இருப்பார்கள் என்று நான் உத்தரவாதம் தர முடியாது.

இனி, நீங்கள் சொல்லக்கூடிய மறுப்புக்கு வருகிறேன். இந்தப் புத்தகங்களில் அந்தரங்கம் இருக்கிறது என்பீர்கள். உண்மை, இருக்கிறது. தகப்பன் பெயர் எழுதாத இடங்கள் உண்டு. சாதி குறித்த இடங்கள் உண்டு. மஹியாவ துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பில் இருந்து வந்தவர்களைக் கோயிலுக்குள்ளும் எந்த இடத்தில் வைத்தார்கள் என்று பெரியவர்களுக்குத் தெரியும். அந்த வேற்றுமை எழுத்திலும் விழுந்திருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இதையெல்லாம் அப்படியே இணையத்தில் ஏற்றச் சொல்லவில்லை. ஏற்றவும் கூடாது. நூறு வருடத்துக்குள் உள்ள ஞானஸ்நானப் பதிவுகளை மூடியே வையுங்கள், குடும்பத்தார் வந்தால் மட்டும் காட்டுங்கள். அதற்கு முந்தியதைக்கூட அட்டவணையாக மட்டும் திறக்கலாம். ஆனால் அந்தரங்கம் என்ற ஒரே சொல்லை வைத்து, தன் பாட்டனின் பெயரைத் தேடி ஹட்டனில் இருந்து பஸ் ஏறி வருகிற ஒருவரை வாசலிலேயே திருப்பி அனுப்புவது நியாயமில்லை. வந்தவர் கைகட்டி நிற்பார், 'பாதர் இல்லை, பிறகு வாங்க' என்று பதில் கிடைக்கும், அவர் மறுபடி வரமாட்டார். ஒரு நாள் சம்பளம் போகுமே. மாதத்தில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து ஒரு மணித்தியாலம், இந்த வேலைக்கென்று ஒதுக்கி, அதைக் கோயில் வாசலில் தமிழில் எழுதிப் போட்டால் போதும்.

மற்றச் சபைகளின் போதகர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன். சட்ட இலக்கம் உங்களுக்குப் பொருந்தாவிட்டாலும் கறையான் பொருந்தும். தோட்டத்துச் சனம் கலியாணத்துக்காகவும் பள்ளிக்கூடத்துக்காகவும் ஒரு கோயிலை விட்டு இன்னொரு கோயிலுக்குப் போனவர்கள். அண்ணன் கத்தோலிக்கப் புத்தகத்திலும் தங்கச்சி மெதடிஸ்தப் புத்தகத்திலும் இருப்பார்கள். ஒவ்வொரு சபையும் தனித்தனியாகச் செய்தால் குடும்பம் பாதியாகத்தான் கிடைக்கும். கண்டியில் இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. போல் காஸ்பர்ஸ் அடிகளார் 1972-ல் கண்டியில் சத்தியோதயத்தைத் தொடங்கி, சிங்களவரையும் தமிழரையும், நகரத்தாரையும் தோட்டத்தாரையும் ஒரே மேசையில் உட்கார வைத்துத் தோட்டத்துச் சனத்தின் நிலைமையைப் படிக்கவும் எழுதவும் வைத்தார். அந்த மேசையில் சபை பார்த்து ஆளை உட்கார வைக்கவில்லை.

கடைசியாக மலருக்கே வருகிறேன். பங்குத்தந்தையர் பட்டியல் இருக்கட்டும். அதற்குப் பக்கத்தில் இன்னொரு பட்டியல் போடுங்கள், அந்தந்தக் காலத்து உபதேசியார் யார், எந்தத் தோட்டம், எத்தனை டிவிஷனைப் பார்த்தார் என்று. கோயில் மணி அடித்தவர், சப்பரம் சோடித்தவர், தோட்டத்துக் கோயிலுக்குக் கல் சுமந்தவர் பெயர் கிடைத்தால் அதையும் போடுங்கள். மலர் மூன்று மொழியில் வரும்போது தமிழ்ப் பகுதி கடைசி நேரத்து மொழிபெயர்ப்பாக இல்லாமல், தமிழ் ஆட்கள் தாங்களே எழுதியதாக இருக்கட்டும். அதற்கான ஆசிரியர் குழுவில் தோட்டப் பங்குகளில் இருந்தும் இரண்டு பேராவது இருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலரும் பல்கலைக்கழகத்துக்குப் போகிற பிள்ளைகள் சிலரும் இந்த வேலைக்குத் தயாராக இருக்கிறோம். பஸ் காசு, சாப்பாடு எங்களுடையது. லத்தீன் கொஞ்சம் வாசிக்கத் தெரிந்த ஒருவரும் எங்களோடு இருக்கிறார். அனுமதிக் கடிதம் ஒன்றும், அலுமாரித் திறப்பும், வெளிச்சம் விழுகிற இடத்தில் ஒரு மேசையும் தந்தால் வருகிற தவக்காலத்துக்கு முன்பே முதலாவது பங்கில் தொடங்கிவிடலாம். எந்தப் பங்கு முதலில் என்று நீங்களே சொல்லுங்கள். கேட்டால் நான், கூரை ஒழுகுகிற அந்தப் பங்கைத்தான் சொல்லுவேன்.

இப்படிக்கு,
கண்டி மறைமாவட்டத் தோட்டப் பங்கொன்றைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர், ஓர் உபதேசியாரின் பேரன்